அந்த ஆறு இலக்கத்தை ஏன் கொடுத்துவிடுகிறோம்? இணைய மோசடியும் மனித மனமும்

"ஸலாம் நானா, ஒங்கட போனுக்கு ஆறு இலக்கக் கோட் ஒன்டு வந்திருக்கும். எனக்கு வரவேண்டியது, மாறி ஒங்களுக்கு வந்துட்டு. கொஞ்சம் அனுப்பி விடுங்களே, அவசரம்."

கடந்த சில வருடங்களில் நமது ஊர்களில் ஏராளமானோருக்கு இப்படியொரு வட்ஸ்அப் செய்தி வந்திருக்கிறது. அனுப்புபவர் மச்சானாக இருப்பார், பாடசாலைக் கால நண்பராக இருப்பார், பள்ளிவாசல் நிர்வாகசபையில் இருப்பவராகக்கூட இருப்பார். அவரது புகைப்படமும் அவரது இலக்கமும்தான் திரையில் தெரியும். ஆனால் மறுபக்கத்தில் எழுதிக்கொண்டிருப்பவர் வேறு ஒருவர். நண்பரின் கணக்கு சற்று முன்னர்தான் இதே விதமாகப் பறிபோயிருக்கும்.

நடப்பது இதுதான். வட்ஸ்அப்பை ஒரு புதிய தொலைபேசியில் பதிவு செய்யும்போது, இலக்கத்துக்கு உரியவர் நாம்தானா என்று பார்க்க ஆறு இலக்கக் குறியீடொன்று குறுஞ்செய்தியாக வரும். திருடன் தனது தொலைபேசியில் உங்கள் இலக்கத்தை அடித்துவிட்டுக் காத்திருக்கிறான். குறியீடு உங்களுக்கு வருகிறது. அதை எவருக்கும் கொடுக்க வேண்டாம் என்று அதே குறுஞ்செய்தியிலேயே எழுதியிருக்கும். இருந்தும் கொடுத்துவிடுகிறோம். கொடுத்தவுடன் உங்கள் தொலைபேசியில் வட்ஸ்அப் நின்றுவிடும். சிறிது நேரத்தில், நீங்கள் இருக்கும் குழுமங்களில் உள்ளவர்களுக்கெல்லாம் உங்கள் பெயரில் செய்தி போகத் தொடங்கும்: "அவசரமா 40,000 போட்டு விடேலுமா? நாளைக்குக் காலையில தந்துர்றன். என்ட எக்கவுண்ட் வேலை செய்யுதில்ல, இந்த எக்கவுண்டுக்குப் போடுங்க."

நான் தகவல் தொழில்நுட்பத் துறையில் வேலை செய்பவன் என்பதால், இப்படிப் பறிகொடுத்தவர்கள் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். எல்லோரும் சொல்வது ஒன்றே: "ஹேக் பண்ணிட்டாங்க." உண்மையில் அங்கே எந்த மென்பொருளும் உடைக்கப்பட்டிருக்காது. வட்ஸ்அப் தனது வேலையைச் சரியாகவே செய்திருக்கும். துறை சார்ந்தவர்கள் இதற்குச் சமூகப் பொறியியல் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். ஏதோ பாலம் கட்டும் வேலைபோல ஒலிக்கும் அந்தப் பெயர் எனக்குப் பிடிப்பதில்லை. பசப்பி எடுப்பது என்று நம் வீடுகளில் சொல்வதுதான் பொருத்தமானது.

வெரைசன் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் தரவு மீறல் அறிக்கையின் 2024ஆம் ஆண்டுப் பதிப்பு, தான் ஆராய்ந்த மீறல்களில் 68 வீதமானவற்றில் மனிதக் காரணி இருந்ததாகக் கூறுகிறது. தீய நோக்குடன் வேண்டுமென்றே செய்யப்பட்ட துஷ்பிரயோகங்கள் இந்தக் கணக்கில் இல்லை. ஏமாந்து போவது, தவறிப் போய் அனுப்புவது போன்றவை மட்டுமே.

ஏமாறுபவர்கள் படிக்காதவர்கள் என்பது நமக்குள் வேரூன்றியிருக்கும் தப்பான எண்ணம். என்னிடம் வந்தவர்களில் அதிபர் இருந்தார், பொறியியலாளர் இருந்தார், வங்கியில் வேலை செய்பவரும் இருந்தார். அறிவு இல்லாமல் அவர்கள் ஏமாறவில்லை. அந்த நேரத்தில் அறிவுக்கு வேலை கொடுக்கப்படவில்லை.

இதை விளங்கிக்கொள்ள உளவியலாளர் டேனியல் கானமன் 2011இல் வெளியிட்ட நூலில் பிரபலப்படுத்திய விளக்கம் உதவும். மனம் இரண்டு விதமாக வேலை செய்கிறது. ஒன்று வேகமானது, முயற்சி தேவைப்படாதது. தெரிந்த முகத்தைக் கண்டதும் சிரிப்பதும், பழக்கமான பாதையில் வண்டி ஓட்டுவதும் அதன் வேலை. மற்றது மெதுவானது, களைப்பூட்டுவது. கணக்குப் பார்ப்பதும் காரணம் தேடுவதும் அதற்குரியவை. நாள் முழுவதும் வரும் நூற்றுக்கணக்கான செய்திகளை மெதுவான மனத்தால் ஆராய்ந்துகொண்டிருந்தால் நமக்கு வேறு வேலையே நடக்காது. ஆகவே வட்ஸ்அப்பை நாம் வேகமான மனத்தாலேயே வாசிக்கிறோம். அஸருக்கு வுழூச் செய்யப் போகும் வழியில், சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு, பிள்ளையை டியூஷனுக்கு ஏற்றிக்கொண்டு வாசிக்கிறோம். மோசடிக்காரனுக்கு வேண்டியதும் இதுவே. மெதுவான மனம் விழித்துக்கொள்வதற்கு முன்னர் காரியம் முடிந்துவிட வேண்டும். 'அவசரம்' என்ற சொல் ஏறக்குறைய எல்லா மோசடிச் செய்திகளிலும் இருப்பது இதற்காகத்தான்.

அவசரத்தோடு வேறு சில கைப்பிடிகளும் இருக்கின்றன. அமெரிக்க உளவியலாளர் ரொபர்ட் சியால்டினி, மனிதர்களைச் சம்மதிக்க வைக்கும் வழிகள் பற்றி 1984இல் எழுதிய நூலில் ஆறு விடயங்களைக் குறிப்பிட்டார்: உதவிக்குக் கைம்மாறு செய்யும் உணர்வு, ஒருமுறை ஒத்துக்கொண்டதில் நிலைத்து நிற்பது, மற்றவர்கள் செய்வதைப் பார்த்துச் செய்வது, விருப்பம், அதிகாரத்துக்குப் பணிவது, கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம். இந்தப் பட்டியலை முதலில் பார்த்தபோது எனக்குத் தோன்றியது, இவற்றில் பெரும்பாலானவை கெட்ட குணங்கள் இல்லையே என்பதுதான். கைம்மாறு செய்பவனைத்தானே நல்ல மனிதன் என்கிறோம்? பெரியவருக்குப் பணியும் பிள்ளையைத்தானே நன்றாக வளர்க்கப்பட்ட பிள்ளை என்கிறோம்?

நமது சமூகத்தைக் குறிவைக்கும் மோசடிகளை இந்தக் கண்ணோட்டத்தில் பாருங்கள். றமழானில் வரும் ஸகாத், ஸதகா வேண்டுகோள்களில் நோயாளியின் படமும் வைத்தியரின் கடிதமும் உண்மையானவையாக இருக்கும், வங்கிக் கணக்கு இலக்கம் மட்டும் மாற்றப்பட்டிருக்கும். நூறு குழுமங்களில் பகிரப்பட்ட பின்னர் அது யாரிடமிருந்து தொடங்கியது என்று எவருக்கும் தெரியாது. "இன்னும் மூன்று இடம்தான் இருக்கு" என்று வரும் மலிவு உம்ரா விளம்பரம் கிடைக்காமல் போய்விடும் என்ற பயத்தைத் தொடுகிறது. தபால் திணைக்களத்தின் பெயரில், உங்கள் பார்சல் தடுத்து வைக்கப்பட்டுள்ளது, சிறு கட்டணம் செலுத்துங்கள் என்று வரும் குறுஞ்செய்தி, வெளிநாட்டில் உறவினர் இல்லாத வீடே இல்லாத ஊர்களில் எப்படி வேலை செய்யாமல் போகும்?

டெலிகிராமில் நடக்கும் 'டாஸ்க்' வேலை இவற்றில் மிகவும் கொடியது என்பேன். சில காணொளிகளுக்கு லைக் போடச் சொல்லி, சில நூறு ரூபாய்களை உண்மையிலேயே வங்கிக் கணக்கில் போடுவார்கள். நம்பிக்கை வந்துவிடும். பிறகு, கூடுதல் வருமானத்துக்கு 5,000 வைப்புச் செய்யுங்கள் என்பார்கள், அதுவும் இலாபத்தோடு திரும்பி வரும். அடுத்து 50,000. அது திரும்ப வராது. அதை மீட்பதற்கு ஒரு இலட்சம் கட்டச் சொல்வார்கள். இங்கே மனிதனை விழுத்துவது பேராசை என்று ஜும்ஆப் பிரசங்கங்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். முதல் படியில் அது உண்மையாக இருக்கலாம். கடைசிப் படியில் நகையை ஈடு வைத்துக் கட்டுபவரிடம் ஆசை ஏதும் மிச்சமில்லை. ஏற்கெனவே போட்டதைக் கைவிட மனம் ஒப்பாத தவிப்பு மட்டுமே இருக்கும். இந்த உரையாடல்களின் மறுமுனையில் இருப்பவர்களிலும் ஏமாற்றப்பட்டவர்கள் உண்டு. கணனி வேலை என்ற விளம்பரத்தை நம்பிப் போய் மியன்மாரின் மியாவடிப் பகுதி மோசடி முகாம்களில் சிக்கிய இலங்கை இளைஞர்களின் செய்திகளை நாம் வாசித்தோம். அடைத்து வைத்து, அடித்து, பிறரை ஏமாற்ற வைத்தார்கள்.

இவை சாதாரண மக்களுக்கு மட்டும் நடப்பவை என்று நினைப்பவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் பங்களாதேஷ் மத்திய வங்கிக் கொள்ளையைச் சொல்வேன். நமது நாடும் சம்பந்தப்பட்ட கதை அது. வேலை தேடும் ஒருவர் தனது தகைமைகளை இணைத்து அனுப்புவது போன்ற மின்னஞ்சல்கள் அவ்வங்கியின் ஊழியர்களுக்கு 2015 ஜனவரியில் சென்றன. அவற்றைத் திறந்ததன் வழியாக உள்ளே நுழைந்தவர்கள் ஓராண்டுக்கு மேல் காத்திருந்து, 2016 பெப்ரவரி 4ஆம் திகதி வியாழக்கிழமை இரவைத் தெரிவு செய்தார்கள். டாக்காவில் வெள்ளியும் சனியும் விடுமுறை. ஞாயிறு நியூயோர்க்கில் விடுமுறை. திங்கட்கிழமை மணிலாவில் சீனப் புத்தாண்டு விடுமுறை. நியூயோர்க்கிலுள்ள அமெரிக்க மத்திய வங்கிக் கிளைக்கு 35 கட்டளைகள் பறந்தன, மொத்தம் ஏறத்தாழ 951 மில்லியன் டொலர். கொடுக்கல் வாங்கல்களை அச்சிடும் இயந்திரம் மறுநாள் காலை வேலை செய்யாதபோது, வழமையாக வரும் கோளாறு என்றே ஊழியர்கள் நினைத்தார்கள். யார்தான் நினைத்திருக்க மாட்டார்? இயந்திரம் பழுதாவதற்கு நாம் பழகிப்போயிருக்கிறோம், அந்தப் பழக்கமும் அவர்களின் கணக்கில் இருந்தது.

81 மில்லியன் டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. இன்னொரு 20 மில்லியன் டொலர் இலங்கையிலுள்ள ஒரு அமைப்பின் பெயருக்கு அனுப்பப்பட்டது. அதன் பெயரில் 'பவுண்டேஷன்' என்ற ஆங்கிலச் சொல் 'பண்டேஷன்' எனத் தப்பாக எழுதப்பட்டிருந்தது. தொகையும் நமது நாட்டுக்கு வழமையாக வருவதைவிட மிகப் பெரியது. வங்கித் தரப்பில் யாரோ சிலருக்கு அது உறுத்தியது. நிறுத்திவைத்து விளக்கம் கேட்டார்கள். பணம் தப்பியது. பாதுகாப்புக் கூட்டங்களில் மனிதனே பலவீனமான கண்ணி என்று சொல்லப்படும் போதெல்லாம் இந்த 20 மில்லியன் எனக்கு நினைவுக்கு வரும். அதைப் பிடித்தது எந்த மென்பொருளும் இல்லை, 'இது என்ன, சரியில்லையே' என்று ஒரு கணம் நின்று கேட்ட மனிதர்கள்தாம்.

அப்படி நின்று கேட்பது நமக்கு ஏன் கடினமாக இருக்கிறது? நண்பர் பணம் கேட்கிறார். ஒரு அழைப்பு எடுத்து, "நீங்கதான் கேட்டதா?" என்றால் உண்மை உடனே தெரிந்துவிடும். எடுக்காமல் விடுவதற்கான காரணத்தை ஒருவர் என்னிடம் சொன்னார்: "கஷ்டத்துல கேட்கிற மனிசன்கிட்ட, நீதானா என்டு எப்படிக் கேட்கிற? சந்தேகப்பட்டமாதிரி ஆகிடுமே." நமது பண்பாட்டின் மென்மையான இடம் இது. பிறர் மீது நல்லெண்ணம் வைப்பதை, ஹுஸ்னுழ் ழன்னை, சிறு வயதிலிருந்தே கற்றுத் தந்திருக்கிறார்கள். அதில் தப்பேதும் இல்லை. ஆனால் விசாரிப்பதைச் சந்தேகமாகக் கருதுவது நாமாகச் சேர்த்துக்கொண்டது. சூரா அல்ஹுஜுராத்தின் 6ஆவது வசனம், கொண்டுவரப்படும் செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளும்படி விசுவாசிகளுக்குக் கட்டளையிடுகிறது. அதன் பின்னணியாகத் தப்ஸீர்களில் கூறப்படும் சம்பவத்தைக் கவனியுங்கள். நபி (ஸல்) அவர்களால் ஒரு கோத்திரத்தாரிடம் ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்டவர் பாதி வழியில் பயந்து திரும்பி, அவர்கள் ஸகாத் தர மறுத்துவிட்டதாகச் செய்தி சொன்னார். விசாரித்தபோது உண்மை வேறாக இருந்தது. செய்தி கொண்டுவந்தவர் முன்பின் தெரியாதவர் அல்லர், பொறுப்புக் கொடுத்து அனுப்பப்பட்டவர். தெரிந்தவரிடமிருந்து வந்தாலும் விசாரிக்க வேண்டிய செய்தி உண்டு. சூரா அல்ஹுஜுராத்திலேயே சற்றுத் தள்ளி 12ஆவது வசனம் வீண் சந்தேகங்களைத் தவிர்க்கச் சொல்கிறது. இரண்டும் ஒரே சூராவில் இருப்பதால், ஒன்றுக்காக மற்றதைக் கைவிட வேண்டியதில்லை.

இதை ஊர் வழக்கமாகவே ஆக்கிவிடலாம் என்பது எனது யோசனை. எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும், பணம் என்று வந்தால் அழைத்துக் கேட்பது என்று ஒரு குடும்பமோ ஜமாஅத்தோ முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால், கேட்பவருக்கும் கூச்சமில்லை, கேட்கப்படுபவருக்கும் மனத்தாங்கல் இல்லை. அழைப்பை வட்ஸ்அப்பில் எடுக்காமல், சாதாரண தொலைபேசி அழைப்பாக எடுக்க வேண்டும். பள்ளிவாசல்கள் நிதி சேர்க்கும்போது கணக்கு இலக்கத்தை அறிவித்தல் பலகையிலும் போட்டுவைத்தால், வட்ஸ்அப்பில் வருவதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

குரலும் முகமும் இனிப் போதுமான சாட்சிகள் இல்லை. 2024இன் ஆரம்பத்தில், அரூப் என்ற சர்வதேசப் பொறியியல் நிறுவனத்தின் ஹொங்கொங் ஊழியர் ஒருவருக்கு இரகசியக் கொடுக்கல் வாங்கல் பற்றி மின்னஞ்சல் வந்தது. அவர் முதலில் சந்தேகப்பட்டார். பிறகு காணொளிக் கூட்டத்தில் நிதிப் பணிப்பாளரையும் தெரிந்த சக ஊழியர்களையும் கண்டார், சந்தேகம் தீர்ந்தது. அந்த முகங்கள் அனைத்தும் செயற்கை நுண்ணறிவால் செய்யப்பட்டவை. ஏறத்தாழ 25 மில்லியன் அமெரிக்க டொலர் போய்விட்டது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள், நெருக்கடி நேரத்தில் கேட்பதற்கென்று வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லை வைத்துக்கொள்வது நல்லது. சின்ன வயதில் வீட்டிலிருந்த பூனையின் பெயரே போதும்.

வங்கிகளையும் நிறுவனங்களையும் நான் விட்டுவிடத் தயாரில்லை. ஒரு பக்கம் விபரங்களை எவருக்கும் கொடுக்காதீர்கள் என்று விளம்பரம் செய்கிறார்கள். மறுபக்கம் அவர்களே நம்மை அழைத்து, "உறுதிப்படுத்துவதற்காக உங்கள் அடையாள அட்டை இலக்கத்தையும் பிறந்த திகதியையும் சொல்லுங்கள்" என்கிறார்கள். எனக்கு இப்படி அழைப்பு வந்தபோது, நீங்கள் வங்கிதான் என்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள் என்றேன். அந்தப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. யாரென்று தெரியாத குரலுக்கு விபரம் சொல்லும் பழக்கத்தை இவர்களே நமக்குப் பயிற்றுவித்துவிட்டு, பின்னர் வாடிக்கையாளர் கவனயீனம் என்கிறார்கள். அன் அடம்ஸ், அஞ்செலா சாஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இலேயே, பாவனையாளர்கள் எதிரிகள் அல்லர், மனிதர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதைப் பாராமல் அமைக்கப்படும் பாதுகாப்பு முறைகளில்தான் பிரச்சினை இருக்கிறது என்று எழுதினார்கள்.

ஏமாந்த பின்னர் நடப்பதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. வட்ஸ்அப்பைப் பறிகொடுத்த சகோதரி ஒருவர் மூன்று நாட்கள் வீட்டில் எவருக்கும் சொல்லாமல் இருந்தார். கணவர் வெளிநாட்டில். "ஏன் கொடுத்தாய்?" என்ற கேள்விக்குப் பயம். அதைவிட, குடும்பப் புகைப்படங்கள் அவன் கைக்குப் போயிருக்குமோ என்ற பயம். அந்த மூன்று நாட்களில் அவரது பெயரில் உறவினர்கள் நான்கு பேரிடம் பணம் வாங்கப்பட்டிருந்தது. முதல் மணித்தியாலத்தில் ஒருவரிடம் சொல்லியிருந்தால் அந்த நால்வரையும் எச்சரித்திருக்கலாம். இலங்கையில் இப்போது வங்கிக்கு வங்கி பணம் உடனுக்குடன் போய்ச் சேர்கிறது. மோசடிக்காரனும் அதை உடனே எடுத்துவிடுவான். பணம் எடுக்கப்படுவதற்கு முன்னர் வங்கிக்கு அறிவித்தால் தடுத்து நிறுத்த ஒரு வாய்ப்பு இருக்கிறது, மறுநாள் அந்த வாய்ப்பும் இல்லை. ஆக, "இவ்வளவு படிச்சும் மூளையில்லையா?" என்ற நமது கேலி, திருடனுக்கு நாம் இலவசமாகக் கொடுக்கும் அவகாசமாக முடிகிறது. அடுத்தவர் அவமானப்படுவதைப் பார்த்தவர், தனக்கு நடந்தால் வாய் திறக்கமாட்டார்.

அந்தச் சகோதரியின் பயத்துக்கு ஒரு விளக்கம். ஆறு இலக்கக் குறியீட்டைப் பெற்று இன்னொரு தொலைபேசியில் கணக்கைத் திறப்பவனுக்குப் பழைய செய்திகளும் படங்களும் தாமாகக் கிடைப்பதில்லை. அவை உங்கள் தொலைபேசியிலேயே சேமிக்கப்பட்டிருக்கின்றன. குழுமங்களும், அதன்பின் வரும் செய்திகளுமே அவனுக்குத் தெரியும். ஆனால் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற வசதி வழியாக உங்கள் கணக்கை எவராவது தமது கணனியோடு இணைத்திருந்தால் அண்மைய உரையாடல்களையும் பார்க்க முடியும். அமைப்புகளுக்குப் போய் அந்தப் பட்டியலைப் பார்த்து, உங்களுக்குத் தெரியாத சாதனம் எதுவும் இருந்தால் நீக்கிவிடுங்கள்.

கணக்கு பறிபோய்விட்டால் உடனே வட்ஸ்அப்பை மீண்டும் உங்கள் இலக்கத்தில் பதிவு செய்யுங்கள். புதிய குறியீடு உங்கள் சிம்முக்குத்தான் வரும். அதை இட்டதும் அவன் வெளியேற்றப்படுவான். அவன் இரகசிய இலக்கம் ஒன்றை வைத்திருந்தால் நீங்கள் உள்ளே செல்ல ஏழு நாட்கள் காத்திருக்க நேரலாம், ஆனால் அவனும் உள்ளே இருக்க முடியாது. இதற்கிடையில் வீட்டிலுள்ள இன்னொருவரின் தொலைபேசியிலிருந்து எல்லாக் குழுமங்களுக்கும் செய்தி போடச் சொல்லுங்கள். பணம் அனுப்பியவர்கள் தமது வங்கியை அழைக்க வேண்டும், பொலிஸில் முறைப்பாடு செய்ய வேண்டும். இலங்கைக் கணனி அவசரத் தயார்நிலை அணியான சேர்ட்டை 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். கமிஷனுக்காகத் தமது வங்கிக் கணக்கைப் பிறருக்குப் பாவிக்கக் கொடுக்கும் இளைஞர்களும் கவனிக்க வேண்டும். பொலிஸார் தேடி முதலில் வருவது பணம் விழுந்த கணக்கின் சொந்தக்காரரிடம்தான்.

இதெல்லாம் நடப்பதற்கு முன்னரே செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது. வட்ஸ்அப்பில் அமைப்புகள், கணக்கு, இரு படி சரிபார்ப்பு என்று சென்று நீங்களே ஒரு ஆறு இலக்க இரகசிய இலக்கத்தை வைத்துக்கொள்ளலாம். அதன்பின் குறுஞ்செய்தியில் வரும் குறியீட்டைத் தவறிக் கொடுத்தாலும் திருடனால் உள்ளே போக முடியாது. இரண்டு நிமிட வேலை. வாப்பா, உம்மாவின் தொலைபேசிகளில் பிள்ளைகள்தான் இதைச் செய்து கொடுக்க வேண்டும். செய்யும்போது, ஏன் செய்கிறோம் என்பதையும் சொல்லுங்கள், ஏதாவது நடந்தால் ஏசமாட்டோம், உடனே கூப்பிடுங்கள் என்றும் சொல்லுங்கள். இடையில் ஒரு மின்னஞ்சல் முகவரியைக் கேட்கும். அதைத் தவிர்த்துவிடாமல் உங்களுடைய முகவரியையே கொடுங்கள், அந்த இலக்கம் மறந்துபோனால் அதன் வழியாக மாற்றிக்கொள்ளலாம்.